வல்ஹாலாவில் பள்ளம் எங்கே போயிற்று?

பாத்தோக்_நிலா · வெள்ளி, இரவு 11:52

வணக்கம். இங்கே எழுதுவதைவிட வாசிப்பதுதான் எனக்கு வழக்கம். இன்று ஒரு கேள்வி தூங்க விடவில்லை, அதனால் புது இழை தொடங்குகிறேன்.

எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில், எதிர்வீட்டு அங்கிள் அவ்வப்போது தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைப்பார். இன்று மேகம் ஒரு மணி நேரம் வழிவிட்டது. வியாழனும் அதன் நான்கு நிலாக்களும் கோடு போட்டதுபோல் தெரிந்தன. உயர்நிலை 2 படிக்கும் என் மகன், ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் கேலிஸ்டோ படத்தையும், சனிக்கோளின் நிலாவான மிமாஸ் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

மிமாஸ் 396 கி.மீ. குறுக்களவு உள்ள சின்ன நிலா. அதில் ஹெர்ஷெல் என்ற பள்ளம் மட்டும் 139 கி.மீ.; நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பத்துக் கி.மீ. ஆழம், நடுவில் ஒரு மலை. பார்த்தாலே "அடி வாங்கியிருக்கிறது" என்று தெரிகிறது.

கேலிஸ்டோவில் உள்ள வல்ஹாலாவோ அதைவிடப் பல மடங்கு பெரியது. வளையம் வளையமாகப் போய், வெளி வளையம் வரை அளந்தால் 3,800 கி.மீ. வருகிறது. சிங்கப்பூரிலிருந்து சென்னைகூட அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் நடுவில் குழியே இல்லை! வெளிறிய ஒரு வட்டத் தழும்பு, அவ்வளவுதான்.

"அம்மா, பெரிய அடிக்குத்தானே பெரிய பள்ளம் விழணும்? இங்கே பள்ளம் எங்கே போச்சு?" என்றான். நான் கணக்காளர். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனுக்கு நான் சரியாகச் சொல்ல வேண்டும்.

மறுகேள்வி · சனி, காலை 7:10

ஈர்ப்புவிசைதான் காரணம். மிமாஸ் சின்னது, ஈர்ப்பு குறைவு, அதனால் பள்ளம் நின்றது. கேலிஸ்டோ பெரியது, ஈர்ப்பு அதிகம், சரிந்து மூடிக்கொண்டது. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

உறைமண்_மாணவன் · சனி, காலை 9:34

நிலா அக்கா, உங்கள் மகன் கேட்டதுதான் இந்தத் துறையின் நடுக்கேள்வி. நான் நிலவியலில் மேற்படிப்புப் படிக்கிறேன், மோதல் பள்ளங்கள்தான் என் பாடம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மறுகேள்வி சொன்னது. ஈர்ப்புக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பு மட்டும் என்றால் ஓர் இடத்தில் கணக்கு உதைக்கிறது. நம் நிலவின் ஈர்ப்பு 1.62 மீ/நொடி², வியாழனின் இன்னொரு நிலாவான கேனிமீடுடையது 1.43. கிட்டத்தட்ட ஒன்றுதான், கேனிமீடில் கொஞ்சம் குறைவுகூட. நம் நிலவில் ஒரு பள்ளம் 15 முதல் 20 கி.மீ. அகலம் வரை அழகான கிண்ணமாக நிற்கும்; அதற்கு மேல்தான் சுவர் சரிந்து, நடுவில் குன்று எழும்பும். கேனிமீடிலோ 2, 3 கி.மீ. அகலத்திலேயே அந்தச் சரிவு தொடங்கிவிடுகிறது. ஈர்ப்பு ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? அடி வாங்கிய பொருள் வேறு. அங்கே பாறை, இங்கே பனிக்கட்டி.

இப்போது மோதலுக்கு வருவோம். பள்ளம் தோண்டுவது என்றால் கல் வந்து குத்திக் குடைவதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. கேலிஸ்டோவில் வந்து விழும் வால்நட்சத்திரத் துண்டின் வேகம் நொடிக்கு 15 கி.மீ. வாக்கில் இருக்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு கிலோ பனி மோதினால் வெளிப்படும் ஆற்றல் 27 கிலோ டிஎன்டி வெடிப்புக்குச் சமம். ஒரு கிலோ பனிக்கு! அது முழுவதும் பனியை உருக்கவே செலவானால், −140 டிகிரியில் கிடக்கும் பனியில் 150 கிலோவுக்கு மேல் தண்ணீராகிவிடும். ஆகவே நடப்பது குத்து அல்ல, வெடிப்பு. அதனால்தான் சாய்வாக வந்து மோதினாலும் பள்ளம் வட்டமாகவே விழுகிறது. தரையை உரசினாற்போல் மிகத் தாழ்வாக வந்தால்தான் நீள்வட்டம் ஆகும்.

50 கி.மீ. அகலமுள்ள ஒன்று வந்தால் மூன்றே நொடியில் முழுதாக உள்ளே புதைந்துவிடும். அதிர்வலை அரைக்கோளமாக விரியும். அலை கடந்துபோன பிறகும் பனி சும்மா இருக்காது, வெளிநோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே உள்ளது திரைச்சீலை விரிவதுபோல் எறியப்படும், கீழே உள்ளது அமுங்கும். இப்படித் திறக்கும் குழியைத் தற்காலிகக் குழி என்போம். வல்ஹாலா அளவுக்கு அது திறந்து முடியக் கால் மணி நேரம் ஆகியிருக்கலாம். தம்பியிடம் சொல்லுங்கள்: அந்தக் கால் மணி நேரம் அங்கே பள்ளம் இருந்தது, உண்மையான, பயங்கரமான பள்ளம்.

பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் மிமாசும் கேலிஸ்டோவும் பிரிகின்றன. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, மாலையில் தொடர்கிறேன்.

பட்டறை_முத்து · சனி, மதியம் 1:05

தம்பி நல்லா விளக்குறீங்க. எனக்கு ஒரு சந்தேகம். நான் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் இரும்போடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். −140இல் பனிக்கட்டி பாறை மாதிரி கடினம் என்று வாசித்திருக்கிறேன். கடினமான பொருள் உடையும், நொறுங்கும். அது எப்படிச் சரிந்து, ஓடி, பள்ளத்தை மூடும்? கண்ணாடித் தட்டில் ஓட்டை விழுந்தால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளுமா?

உறைமண்_மாணவன் · சனி, மாலை 6:40

முத்து ஐயா, இதற்கு விடை உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. இரும்பு எப்போது வளையும், எப்போது உடையும் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்?

பட்டறை_முத்து · சனி, மாலை 7:22

சூட்டை வைத்துத்தான். பச்சை இரும்பைச் சம்மட்டியால் அடித்தால் கைதான் வலிக்கும். சிவப்பாகப் பழுத்தால் அடங்கும். மஞ்சளாகப் பழுத்தால் களிமண் மாதிரி. அதையும் விட ஒன்று உண்டு. சூட்டில் நாள்கணக்காகப் பாரம் தாங்கும் இரும்பு, அடியே இல்லாமல் தானாக மெல்ல மெல்ல நீளும். கொதிகலன் குழாயில் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாது, அளவுகோல் வைத்தால் தெரியும். "ஊர்ந்துவிட்டது" என்போம்.

ஓ. புரிகிற மாதிரி இருக்கிறது. உருகும் நிலைக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதுதானே கணக்கு?

உறைமண்_மாணவன் · சனி, இரவு 8:15

அதேதான் ஐயா! கெல்வினில், அதாவது குளிரின் கடைசி எல்லையிலிருந்து எண்ணும் அளவில், கணக்குப் போடுவோம். கேலிஸ்டோவின் மேற்பரப்பு 134 கெல்வின் வாக்கில். பனி உருகுவது 273இல். பாதி தூரத்தில் நிற்கிறது, ஆகவே மேலே கெட்டி. ஆனால் உள்ளே போகப் போகச் சூடு ஏறும். ஆழத்தில் 250 கெல்வின் இருந்தால் உருகுநிலையில் பத்துக்கு ஒன்பது பங்கு வந்துவிட்டது. இரும்புக்கு அதே பங்கைப் போட்டால் 1,300 டிகிரி செல்சியசுக்கு மேல். உங்கள் மஞ்சள் இரும்பையும் தாண்டிய பதம். அந்த 250 கெல்வின், நம் கைக்குக் குளிராக உறைக்கும் −23 டிகிரி, பனிக்கட்டிக்கு உலைச் சூடு.

ஆகவே பெரிய பனிநிலா என்பது ஒரே கட்டி அல்ல. மேலே உடையக்கூடிய ஓடு, கீழே ஊரும் பனி. சில நிலாக்களில் அதற்கும் கீழே தண்ணீர். கஞ்சி ஆறும்போது மேலே ஏடு படியுமே, அந்த மாதிரி.

இனி வல்ஹாலா. தற்காலிகக் குழி, மேலே உள்ள ஓடு முழுவதையும் தாண்டி, கீழே இருக்கும் இளகிய பனிவரை திறந்துவிடுகிறது. சுற்றிலும் இருக்கும் இளகிய பனி அந்த வெற்றிடத்தை நிரப்ப நாலாபுறமிருந்தும் உள்நோக்கி ஓடி வருகிறது. ஓடி வரும்போது தன்மேல் படிந்திருக்கும் ஓட்டின் அடியைப் பிடித்து இழுக்கிறது. ஓட்டால் ஓட முடியாது, கிழியத்தான் முடியும். மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கிழிகிறது. வில்லியம் மெக்கின்னனும் ஜே மெலோஷும் 1980 வாக்கில் முன்வைத்த விளக்கம் இது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வாயேஜர் கலங்கள் வல்ஹாலாவைப் படம் பிடித்திருந்தன. வல்ஹாலாவின் வெளி வளையங்களைக் கிட்டப் பார்த்தால் அவை மேடுகள் அல்ல, இரு பக்கமும் விலகி நடுநிலம் இறங்கிய நீண்ட பள்ளத்தாக்குகள். இழுபட்டதற்கு அதுவே சாட்சி.

தம்பியின் கேள்விக்கு இங்கே பாதி விடை: குளத்தில் கல் போட்டால் வரும் அலைபோல் அந்த வளையங்கள் தெரிகின்றன. ஆனால் அவை உறைந்த அலைகள் அல்ல, கிழிசல்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், பல இடங்களில் தவறாக எழுதப்படுகிறது.

மீதிப் பாதி மிமாஸ். அங்கே ஈர்ப்பு வெறும் 0.064. பத்துக் கி.மீ. உயரத்திலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால் தரை சேர ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். பத்துக் கி.மீ. உயரப் பனிச்சுவர் ஒன்று தன் அடிவாரத்தில் ஏற்றும் அழுத்தம், பூமியில் 65 மீட்டர் உயரப் பனிச்சுவர் ஏற்றும் அழுத்தம்தான். 65 மீட்டர் என்றால் நம் இருபத்திரண்டு மாடி வீவக புளோக் உயரம். அந்தப் பாரத்தைக் குளிர்ந்த கெட்டிப் பனி தாங்கிக்கொள்ளும். கேலிஸ்டோவில் அதே சுவர் என்றால் பூமியில் 1,250 மீட்டர் சுவருக்குச் சமம். அதுவும் அடியில் இளகிய பனியின்மேல். நிற்க வழியே இல்லை.

மறுகேள்வி, நீங்கள் சொன்ன ஈர்ப்பு இங்கே வருகிறது. ஆனால் கைகோத்து வருகிறது: ஈர்ப்பு, சூடு, ஓட்டின் தடிமன் மூன்றும் சேர்ந்து.

பாத்தோக்_நிலா · ஞாயிறு, மதியம் 2:48

"கஞ்சி ஏடு" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் என் மகன் அடுப்படிக்கு வந்துவிட்டான். செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

கேழ்வரகு மாவைக் கொஞ்சம் தளர்வாகக் கூழ் காய்ச்சி இரண்டு அகலத் தட்டுகளில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஊற்றினோம். முதல் தட்டு கால் மணி நேரம் ஆறியது. மேலே மெல்லிய ஏடு. விரலால் தொட்டால் ஒட்டவில்லை, ஆனால் ஆடியது. மகன் நாற்காலிமேல் ஏறி நின்று கோலிக்குண்டு ஒன்றைப் போட்டான். குண்டு நேரே அடித்தட்டுக்குப் போனது. விழுந்த இடத்தில் ஒரு கணம் குழி தெரிந்தது, உடனே சுற்றியுள்ள கூழ் உள்ளே வந்து மூடிக்கொண்டது. ஏட்டைப் பார்த்தோம். குழி இருந்த இடத்தைச் சுற்றி வில் வில்லாக மூன்று கிழிசல். முழு வட்டம் இல்லை, ஆனால் மூன்றும் ஒரே மையத்தைப் பார்த்து வளைந்திருந்தன. கிழிசலுக்குள் ஈரக் கூழ் பளபளத்தது.

இரண்டாம் தட்டை இன்னும் நேரம் ஆறவிட்டோம். ஏடு தோல்போல் தடித்துவிட்டது. அதே உயரம், அதே குண்டு. குழி விழுந்தது, மூடவில்லை. வளையம் ஒன்றுகூட இல்லை. பதிலாக மையத்திலிருந்து வெளியே ஓடும் இரண்டு நேர்க்கோட்டு விரிசல்.

இது சரியா, அல்லது கூழுக்கும் பனிக்கும் சம்பந்தம் இல்லையா? மகன் இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறான்.

உறைமண்_மாணவன் · ஞாயிறு, மாலை 4:20

அக்கா, நான் இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெக்கின்னன், மெலோஷ் விளக்கம் சொல்வதும் இதுதான்: ஓடு மிக மெல்லியதாக இருந்தால் நிறைய வளையங்கள், தடித்தால் ஒன்றிரண்டு, மிகவும் தடித்தால் வளையமே இல்லாமல் ஆரம் போல் ஓடும் விரிசல்கள். நம் நிலவின் ஓரியன்டேல் படுகையில் 930 கி.மீ. அகலத்துக்குள் மூன்று வளையங்கள்தான் தெளிவாகத் தெரியும். வல்ஹாலாவில் எண்ணி மாளாது. ஓடு அவ்வளவு மெல்லியது.

மறுகேள்வி · ஞாயிறு, இரவு 9:02

சோதனை அருமை, மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கையாக இருப்போம். கோலிக்குண்டு நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் விழுகிறது. அங்கே வெடிப்பு, இங்கே வெறும் குத்து. கூழின் இழுவிசையும் வேறு. "ஒத்துப்போகிறது" என்பதும் "நிரூபிக்கிறது" என்பதும் ஒன்றல்ல.

இன்னும் இரண்டு கேட்கிறேன். ஒன்று: வளையம் இருந்தால் கீழே கடல் இருக்கிறது என்று செய்தித்தளங்கள் எழுதுகின்றன. அது சரியா? இரண்டு: மிமாசுக்குள்ளும் கடல் இருக்கிறது என்று 2024இல் செய்தி வந்ததே. கெட்டிப் பனி என்பதால்தான் ஹெர்ஷெல் பள்ளம் நின்றது என்கிறீர்கள். கடல்மேல் மிதக்கும் ஓட்டில் பத்துக் கி.மீ. ஆழப் பள்ளம் எப்படி நிற்கும்? இரண்டில் ஏதோ ஒன்று தவறு.

உறைமண்_மாணவன் · திங்கள், அதிகாலை 12:31

குத்துக்கும் வெடிப்புக்கும் உள்ள வித்தியாசம் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். கூழ் காட்டுவது மோதலின் கடைசிக் கட்டத்தை மட்டும்: குழி திறந்தபின் கீழுள்ளது உள்ளே ஓடுவதும், மேலுள்ளது கிழிவதும். முதல் சில நொடிகளைக் காட்ட அதனால் முடியாது.

முதல் கேள்வி. வளையம் வர வேண்டுமானால் கீழே ஏதோ ஒன்று ஓட வேண்டும், அவ்வளவே. அது தண்ணீராகவும் இருக்கலாம், இளகிய பனியாகவும் இருக்கலாம். வளையத்தை மட்டும் பார்த்துக் கடல் என்று சொல்ல முடியாது. நம் நிலவில் கடலா இருக்கிறது? அங்கேயும் வளையம் உண்டு. செய்தித்தளங்கள் இதில் அவசரப்படுகின்றன.

ஆனால் அளவையும் உருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நிறையச் சொல்லலாம். வியாழனின் மற்றொரு நிலாவான யூரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பில் என்றொரு பள்ளம், 26 கி.மீ. அகலம். அதன் தரை சுற்றுப்புறத்தின் மட்டத்திலேயே இருக்கிறது. நடுக்குன்று விளிம்பைவிட உயரம்! கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. 30 கி.மீ. தாண்டினால் நடுக்குன்றும் போய், டயர், கேலனிஷ் போன்ற வளையப் படுகைகள் ஆகிவிடுகின்றன. பள்ளத்தின் அகலம் கூடக் கூட அது எட்டிப் பார்க்கும் ஆழமும் கூடும் அல்லவா? ஆகவே எந்த அகலத்தில் உருவம் மாறுகிறதோ, அந்த ஆழத்தில் பொருளின் தன்மை மாறுகிறது. நம்மிடம் துளையிடும் கருவி இல்லாத இடத்தில் வால்நட்சத்திரம் துளையிட்டுக் காட்டியிருக்கிறது. 2024இல் வந்த கணினி உருவாக்க ஆய்வு ஒன்று, யூரோப்பாவின் பனி ஓடு குறைந்தது 20 கி.மீ. இருந்தால்தான் அந்த வளையங்கள் இப்படி வரும் என்கிறது: மேலே 6 முதல் 8 கி.மீ. குளிர்ந்த கெட்டிப் பனி, அதன்கீழ் புரளும் இளகிய பனி, அதன்கீழ் கடல்.

இரண்டாம் கேள்வி இந்த இழையின் மிக நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன முரண்பாடு உண்மையானது, ஆய்வாளர்களையும் அது உறுத்தியது. விடை காலத்தில் இருக்கிறது. பாரிஸ் வான்காணகத்தின் வலேரி லெனே குழு, சனியைச் சுற்றிய காசினி விண்கலம் தந்த தரவுகளில் மிமாசின் சுற்றுப்பாதை மெல்ல நகர்வதை வைத்து, 20 முதல் 30 கி.மீ. பனிக்குக் கீழே கடல் இருப்பதாகக் கணித்தது. கூடவே அந்தக் கடலின் வயது இரண்டரைக் கோடி ஆண்டுக்கும் குறைவு என்றது. சூரிய மண்டலத்தின் கணக்கில் அது நேற்றுப் பிறந்த கடல். 2022இல் வேறொரு குழு, ஹெர்ஷெல் மோதல் நடந்தபோது ஓடு குறைந்தது 55 கி.மீ. தடித்திருந்தால்தான் இந்த உருவம் வரும் என்று காட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: அடி விழுந்தபோது தடித்த ஓடு, பிறகு உள்ளே சூடேறி அடியிலிருந்து உருகி மெலிந்துகொண்டு வருகிறது. பள்ளம் நிற்பது பழைய மிமாசின் நினைவு.

மறுகேள்வி · திங்கள், காலை 8:15

ஏற்கிறேன். "நேற்றுப் பிறந்த கடல்" என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

காலாங்_கரை · திங்கள், மதியம் 12:50

சற்றே வழிவிலகல், மன்னிக்கவும். மோதல் என்றாலே தூரத்து நிலா என்று நினைக்கிறோம், நம் வட்டாரத்திலேயே ஒன்று உண்டு. ஏறத்தாழ 7 லட்சத்து 90 ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் தென்கிழக்காசியாவில் ஒரு பெரிய விண்கல் விழுந்தது. உருகித் தெறித்த கண்ணாடித் துளிகள் இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை கிடைக்கின்றன. பள்ளம் மட்டும் அகப்படவே இல்லை. 2020இல் இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூமி ஆய்வகத்தைச் சேர்ந்த கெரி சீயும் குழுவினரும், அது லாவோசின் பொலாவென் எரிமலைக் குழம்புப் படிவத்துக்குக் கீழே புதைந்திருக்கலாம் என்று எழுதினார்கள். எல்லோரும் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் பாருங்கள், லாவோசில் பள்ளத்தை மூடியது பிறகு வந்த எரிமலைக் குழம்பு. கேலிஸ்டோவில் பள்ளத்தைப் பள்ளமே மூடிக்கொண்டது.

ஒரு திருத்தமும். சனிக்கோளின் டெதிஸ் நிலாவில் 445 கி.மீ. ஒடிசியஸ் பள்ளம் இருக்கிறது. நிலாவைச் சுற்றி 2,000 கி.மீ. ஓடும் இத்தாக்கா பள்ளத்தாக்கை அந்த மோதல்தான் பிளந்தது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். காசினி படங்களில் சின்னப் பள்ளங்களை எண்ணிப் பார்த்ததில் (பழைய நிலத்தில் அவை அதிகம் இருக்கும்) பள்ளத்தாக்குதான் மூத்தது என்று தெரிந்துவிட்டது. யாராவது அதை இங்கே உதாரணமாகச் சொல்வதற்குமுன் போட்டுவைக்கிறேன்.

பட்டறை_முத்து · திங்கள், மாலை 5:30

காலாங்கரை அம்மா சொன்ன ஒடிசியசைப் படத்தில் பார்த்தேன். ஈர்ப்பு அங்கேயும் மிகக் குறைவுதான். இருந்தும் பள்ளத்தின் தரை பந்தின் வளைவோடு ஒட்டினாற்போல் உப்பிவிட்டிருக்கிறது. மிமாஸ் மாதிரி ஏன் நிற்கவில்லை? இது நான் சொன்ன ஊர்தல்தானா?

உறைமண்_மாணவன் · திங்கள், இரவு 10:05

ஊர்தலேதான் ஐயா. மோதலன்று சரிவது ஒன்று, பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊர்வது இன்னொன்று. நேற்றுவரை முதலாவதையே பேசினோம். டெதிசில் நடந்தது இரண்டாவது. அந்தக் காலத்தில் அதன் உள்ளே சூடு இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த ஊர்தலில் ஒரு விசித்திரம் உண்டு. சின்னப் பள்ளம் நிற்கும், பெரிய பள்ளம்தான் முதலில் நிரவும். பெரிய பள்ளத்தின் பாரம் ஆழமாக இறங்கும். ஆழத்தில் பனி சூடாக, இளகலாக இருக்கும். சின்னதன் பாரம் மேலோட்டமான குளிர்ந்த பனியோடு நின்றுவிடும். அதனால் நிரவிப்போன பெரிய பள்ளத்தில்கூட விளிம்பு மட்டும் கூராக மிஞ்சி நிற்பதைப் பார்க்கலாம். சனியின் இன்னொரு நிலாவான ஐயாபிடஸ் நேர்மாறு. அங்கே 580 கி.மீ. டர்ஜிஸ் பள்ளம் இன்னும் ஆழமாகவே கிடக்கிறது, உள்ளே அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்து இறுகிவிட்டது.

கேனிமீடில் இது எல்லை வரை போயிருக்கிறது. மெம்பிஸ் என்ற வெளிறிய வட்டத்துக்கு 350 கி.மீ. அகலம், ஆனால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சிலேட்டில் எழுதி ஈரக் கையால் துடைத்தபின் தெரியுமே, அந்தத் தடம்.

அதே கேனிமீடில் கருநிறப் பகுதிகள் முழுக்க வில்வில்லாக ஓடும் நீண்ட பிளவுகள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றியவை, ஒரே மோதலின் மிச்சம் என்பது கோபே பல்கலைக்கழகத்தின் நவோயுகி ஹிராட்டாவின் கருத்து. 2024இல் அவர் போட்ட கணக்கில், வந்து மோதியது 300 கி.மீ. அகலம், அந்த அடியில் நிலாவின் அச்சே திரும்பியிருக்கிறது. மோதிய மையம் இன்று வியாழனுக்கு நேர் எதிர்ப்புறம் பார்த்து நிற்பதை அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். எனக்கு இது பிடித்த கருத்து. ஆனால் பிடித்திருப்பதால் நம்பக்கூடாது என்று மறுகேள்வி சொல்வார், சரிதான். ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031இல் வியாழனை அடைந்து, 2034 இறுதியில் கேனிமீடையே சுற்றப்போகிறது. நிலத்தின் மேடுபள்ளமும் ஈர்ப்பு வேறுபாடும் அளக்கப்பட்டால் தெரிந்துவிடும்.

பாத்தோக்_நிலா · செவ்வாய், இரவு 9:10

எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒன்று: வல்ஹாலாவுக்கு நேர் பின்புறத்தில் என்ன இருக்கிறது, அதிர்வு அங்கே போய்ச் சேர்ந்திருக்குமே? இரண்டு: உருகின தண்ணீர் எங்கே போனது?

உறைமண்_மாணவன் · செவ்வாய், இரவு 11:26

தம்பி, முதல் கேள்வியைக் கேட்டுத்தான் 2001இல் கலிலியோ விண்கலத்தின் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார்கள். புதன் கோளில் கலோரிஸ் என்ற 1,550 கி.மீ. படுகைக்கு நேர் பின்புறம் நிலம் தாறுமாறாக உடைந்து கிடக்கிறது. அந்தக் கோளைச் சுற்றி ஓடிய அதிர்வுகள் அங்கே ஒன்றுகூடியதால் அப்படி ஆனது என்பது விளக்கம். வல்ஹாலாவின் பின்புறத்திலும் அதையே எதிர்பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சாதாரணப் பள்ளங்கள் நிறைந்த சாதாரண நிலம். வழியில் ஒரு நீர்ப்படலம் அதிர்வைத் தணித்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கேலிஸ்டோவின் காந்தப்புல அளவீடுகளும் உள்ளே கடல் இருப்பதையே சுட்டுகின்றன.

இரண்டாவது. உன் கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டி மேலே மிதக்கும், தண்ணீர் கீழே இருக்கும். அங்கேயும் அதே. பாறைக்குழம்பு பாறையைவிட இலேசு என்பதால் பூமியில் மேலே பொங்கி வரும். பனியின் தண்ணீரோ பனியைவிடக் கனம். விரிசல் வழியே கீழே இறங்கும். கேனிமீடிலும் கேலிஸ்டோவிலும் பல பள்ளங்களின் நடுவில் குன்றுக்குப் பதில் ஒரு குழி இருக்கிறது. உருகின நீர் வடிந்துபோன இடம் அது என்பது ஒரு விளக்கம். வடியாமல் தேங்கினால் மேலே ஓடு மூடி, உள்ளே நீண்ட காலம் உறையாமல் கிடக்கும். சனியின் டைட்டனில் செல்க் பள்ளம் அப்படி ஒரு குட்டையாக இருந்திருக்கும், அதில் டைட்டனின் கரிமப் பொருள்கள் கரைந்திருக்கும் என்பதால்தான், 2028இல் புறப்படவுள்ள டிராகன்ஃபிளை பறக்கும் கலத்தை அந்தப் பக்கமாக அனுப்புகிறார்கள். 2034இல் போய்ச் சேரும். அப்போது உனக்கு என்ன வயது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பட்டறை_முத்து · புதன், காலை 6:55

நிலாம்மா, என் பேத்திக்கும் இதைச் செய்து காட்டப்போகிறேன். இரண்டாம் தட்டு எவ்வளவு நேரம் ஆறியது? கூழில் உப்புப் போட்டீர்களா?

பாத்தோக்_நிலா · புதன், காலை 7:30

உப்புப் போடவில்லை ஐயா. இரண்டாவது நாற்பது நிமிடம், மின்விசிறிக்கு நேர் கீழே. முதலாவதைக் கால் மணிக்கு மேல் விடாதீர்கள், வளையம் வராது. தட்டு அகலமாக இருக்கட்டும், எங்களுடையதில் மூன்றாவது கிழிசல் ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது.